மானிப்பாய்த் தோட்டங்களும் சோசலிச அரசும்

மானிப்பாயைச் சரித்திர நூல்களின் வாயிலாக அறிந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு சிறப்புகளையே நினைவிற் கொள்வர். அவ்வூரின் பெயராலேயே மானிப்பாய் அகராதி என்று வழங்கும் 1842ஆம் ஆண்டின் தமிழகராதி ஒன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848ஆம் ஆண்டளவில் அங்கே தொடங்கி, தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்த பணி மற்றொன்று. இவை பெருமைக்குரியவை; இவற்றைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுமிருக்கின்றனர். ஆயினும் வேதக்கோயிலுக்கும் வித்தியாசாலைகளுக்கும் மருதடிப் பிள்ளையார் கோயில் வீதிக்கும் அப்பால், கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த கமக்காரருடைய சரித்திரம் ஒன்றுண்டு. ஒரு தேசத்து அரசு சோசலிசம் என்ற பெயரோடு சந்தையின் கதவை அடைத்தபோதும், அதே பெயரைக் கைவிடாமலே அக்கதவைத் திறந்தபோதும், இரண்டு செய்கைகளின் பலனையும் தம் தோட்டத்திலேயே கண்டு அனுபவித்தவர்கள் அவர்கள். அச்சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மானிப்பாய் அமைந்துள்ள வலிகாமத்தின் நிலம் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த மண். அங்கே ஆறில்லை; பெரிய குளமுமில்லை; மாரி மழை கல்லினூடே இறங்கி நிலத்தடியிற் தேங்க, அதனைக் கிணறு தோண்டித் துலாவால் இறைத்துப் பயிர் செய்வதே தலைமுறை தலைமுறையாக வந்த முறை. நிலத்தை ஏக்கரிற் சொல்லாமல் பரப்பிற் சொல்லும் வழக்கமே அங்குள்ள காணிகளின் சிறுமையைக் காட்டும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். சில பரப்புத் தோட்டத்தை வைத்து ஒரு குடும்பம் சீவிக்க வேண்டுமாயின் நெல்லை நம்பியிருக்க முடியாது, விலைபோகும் பயிரையே நாட வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஆதியிலிருந்தே சந்தைக்கு விளைவித்தவன். திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய காலத்திலும், தென்னிலங்கையிற் சுருட்டுக்கடைகள் நிறைந்திருந்த காலத்திலும், தான் உண்ணாத பொருளைத் தூரத்திலுள்ளவன் வாங்குவான் என்ற நம்பிக்கையிலேயே அவன் துலா மிதித்தான். சோசலிசம் பேசிய அரசினால் அவனுக்குச் சுபிட்சம் வந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் முதலில் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

அச்சந்தையின் எதிர்ப்புறத்தில் நின்ற பங்கீட்டு முறை இலங்கையில் இடதுசாரிகள் உண்டாக்கியதன்று. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, பிரித்தானிய அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று அரிசியை அளந்து கொடுக்கத் தொடங்கிற்று. அதனைக் கிராமந்தோறும் கொண்டு சேர்ப்பதற்காகவே ஐக்கிய பண்டகசாலைகள் தீவெங்கும் பெருகின. யாழ்ப்பாணத்தில் இந்தக் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்னமே நல்ல வேர் இருந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கி, 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்ற வீ. வீரசிங்கம் அவர்கள் வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மண்டபம் இன்றும் கூட்டுறவாளரின் நினைவாலயமே. கடன் கொடுப்பதற்கும், புகையிலை விற்பதற்கும், மூளாயில் வைத்தியசாலை நடத்துவதற்குங்கூட ஊரவரே சங்கம் அமைத்தார்கள். அரசாங்கத்தை எதிர்பாராமல் ஊரார் தாமே கூடிச் செய்த இந்த ஐக்கியத்தையும், பின்னாளில் அரசாங்கம் சட்டம் போட்டுத் தன் விநியோகக் கருவியாக்கிக்கொண்ட கூட்டுறவையும் ஒன்றென மயங்குதல் கூடாது. 1957இல் மந்திரி பிலிப் குணவர்த்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை நிறுவியதும், 1971இல் சிறு சங்கங்களையெல்லாம் ஒன்றாக்கிச் சில நூறு பெருஞ் சங்கங்களாக அமைத்ததும், பொருளைப் பரவலாக்கும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவையே எனினும், சங்கக்கடை மெல்ல மெல்ல ஊராருடையதாக இராமல் அரசின் வாயிலாயிற்று.

கூப்பனுக்குக் கிடைத்த அந்தப் பங்கீட்டரிசியில் அரசியலின் உயிர்நாடி இருந்தது என்பதை முதன்முதல் அனுபவித்து அறிந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1953இல் நிதி மந்திரியாக இருந்த அவர் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்டு 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலில் தேசம் ஸ்தம்பித்தது. மந்திரிசபை துறைமுகத்திலிருந்த யுத்தக் கப்பலில் ஏறிக் கூடிற்று. இரண்டு மாதத்துள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் கால் நூற்றாண்டு வரையில், எக்கட்சி ஆண்டாலும், அரிசிக் கூப்பனில் முற்றாகக் கைவைக்க எந்த மந்திரிக்கும் துணிவு வரவில்லை. இதனை இங்கே குறிப்பதற்குக் காரணமுண்டு. 1953இல் முடியாததை அதே மனிதர் 1978இல் எவ்வாறு முடித்தார் என்பதே, சோசலிசப் பெயர் தாங்கிய அரசுகள் சந்தைக்கு இசைந்தும் அதிகாரத்தை இழவாமலிருக்கும் வித்தையின் இரகசியம் என்பது என் அபிப்பிராயம்.

1970 மே மாதத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் சிறீலங்கா சுதந்திரக் கட்சியும், லங்கா சமசமாஜக் கட்சியும், கம்யூனிஸ்ட் கட்சியும் ஐக்கிய முன்னணியாகச் சேர்ந்து பெருவெற்றி பெற்றன. திரொத்ஸ்கியவாதியும் பொருளியற் பண்டிதருமான என். எம். பெரேரா நிதி மந்திரியானார். தேயிலைக்கும் இறப்பருக்கும் வெளியுலகில் விலை குன்றி, அரிசிக்கும் சீனிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் விலை ஏறி, அந்நியச் செலாவணி வற்றிய நாட்கள் அவை. இறக்குமதிப் பண்டங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீங்கின. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த செத்தல் மிளகாயும் பம்பாய் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தடைப்பட்டன. அரசு சித்தாந்தத்தினால் மட்டும் அவ்வாறு செய்யவில்லை, கையிற் பணமில்லாமையும் ஒரு காரணமே. ஆயினும் வலிகாமத்தின் கமக்காரனுக்குக் காரணம் எதுவாயினும் பலன் ஒன்றே: சிங்களவர் சமையலுக்கும் தமிழர் சமையலுக்கும் முஸ்லிம்கள் சமையலுக்கும் வேண்டிய மிளகாயும் வெங்காயமும் முழுத் தீவிலும் அவனிடமிருந்தே போக வேண்டியதாயிற்று.

அந்த வருஷங்களை யாழ்ப்பாணத்து முதியோர் இன்றும் மிளகாய்க் காலம், வெங்காயக் காலம் என்று பெருமூச்சோடு நினைப்பதுண்டு. துலா நின்ற இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. மண் வீட்டில் இருந்தவன் கல்வீடு கட்டினான். சைக்கிளிற் சென்றவன் உழவு இயந்திரம் வாங்கினான். பெண்ணுக்குச் சீதனமாக இரண்டு பரப்புக் கூடுதலாகக் கொடுத்தான். மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் சங்கானையிலும் சந்தை கூடும் நாட்களில் மூட்டைகள் லொறி லொறியாக ஏறிக் கொழும்புப் புறக்கோட்டையின் நாலாம் குறுக்குத்தெருவிலுள்ள தரகுக் கடைகளுக்குப் போயின. விலை அங்கிருந்து இங்கு வந்து சேரும் வேகமே ஒரு ஆச்சரியமாயிருந்தது. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கூரையின்கீழ்த் தொங்கவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கும் பொறுமையும் அவனுக்கு வாய்த்தது, ஏனெனில் முந்தைய ஆண்டின் பணம் கையிலிருந்தது.

இவ்வளவும் குடாநாட்டின் எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. அரசாங்க உத்தியோகத்தையே வாழ்வின் இலட்சியமாகக் கொண்டு, மாதம் பிறந்தாற் காசுக்கட்டளையை எதிர்பார்த்திருந்த மானிப்பாய் போன்ற ஊர்களில், கமம் என்றால் படிப்பு வராதவன் தொழில் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தினால் உத்தியோகக் கதவு சாத்தப்பட, படித்த வாலிபர்கள் பலர் வன்னிக்குச் சென்று விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் அரசு பகிர்ந்தளித்த காணிகளிற் குடியேறி மிளகாய் நட்டார்கள். காடு வெட்டிய அந்த வாலிபரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தார் உழைப்பின் கண்ணியத்தைப் புதிதாகக் கண்ட காலம் அது என்று துணிந்து கூறலாம்.

எழுத்துலகமும் அதே மூடிய கதவின் நிழலிற் செழித்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகள் தடையின்றி வருவது கட்டுப்படுத்தப்பட்டபின், ஈழத்து வாசகர் ஈழத்து எழுத்தாளரை நாடினர். டொமினிக் ஜீவாவின் மல்லிகையும், சிவஞானசுந்தரத்தின் சிரித்திரனும் வாசகர் தொகை பெருகக் கண்டன. வீரகேசரி நிறுவனம் நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட, செங்கை ஆழியான் முதலியோர் ஊர் ஊராகப் படிக்கப்பட்டனர். வெங்காயத்துக்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர்க்கு, இரண்டும் ஒரே சுங்கத் தடையின் காவலில் வளர்ந்த சரக்குகள் என்பதே விடை. 1977க்குப் பின்னர் இந்தியப் பத்திரிகைகள் மீண்டும் குவிந்தபோது இந்தச் செழிப்பும் வாடிற்று. பாதுகாக்கப்பட்ட சந்தையில் விளைந்தவை யாவும் தரங்குறைந்தவை என்று பொருளியலார் பொதுப்படச் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். அந்த ஏழாண்டுகளில் எழுதப்பட்டவற்றுள் நிலைத்து நிற்கத்தக்கவை பல உண்டு.

ஆனால் மூடிய கதவின் மறுபுறத்தைச் சொல்லாதொழிவது பொய்மை ஆகும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் பாண் வாங்குவதற்கு விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதற்கு அநுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. வீதியிற் பொலிசார் பொதிகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். மலையகத்தின் தோட்டத் தொழிலாளர் பட்டினியால் வாடினர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தாலும் 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானதாலும் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, யாழ்ப்பாணத்தாரின் மிளகாய்த் தோட்டங்களிற் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். கல்வீட்டின் சுவரில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருக்கிறது. குடாநாட்டினுள்ளேயும், காணியில்லாது கூலிக்கு இறைத்தவர்களின் குடிசைகளுக்கு விலையேற்றத்தின் லாபம் போய்ச் சேர்ந்தது மிகச் சொற்பமே. மேலும், எந்த அரசு தந்தையின் மிளகாய்க்கு விலை கொடுத்ததோ, அதே அரசு 1971 முதல் பல்கலைக்கழக அநுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்து மகனுடைய மருத்துவப் படிப்பையும் பொறியியற் படிப்பையும் தடுத்தது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் பௌத்தத்தை முதலிடத்துக்குரியதாகவும் விதித்தது. தந்தை அரசை வாழ்த்தினான், மகன் அதனை வெறுத்தான். ஒரே வீட்டில் இருவரும் ஒரே சோற்றை உண்டனர்.

இவ்விடத்தில் மானிப்பாய் ஈன்ற ஒருவரைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. நாகலிங்கம் சண்முகதாசன் 1920இல் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவர் தலைவராக இருந்து, 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியரானவர். இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தைப் பெரும் சக்தியாக்கியவர். 1963, 1964ஆம் ஆண்டுகளில் மாஸ்கோவும் பீக்கிங்கும் பிரிந்தபோது சீனச் சார்பான கட்சிக்குத் தலைவராகி, மாவோவை நேரிற் சந்தித்தவர். வடபகுதியில் 1966 அக்டோபர் முதல் எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்துக்கு அவருடைய கட்சியே முதுகெலும்பாக நின்றது. தேநீர்க்கடைகளும் கோயில் வாயில்களும் திறந்தமைக்கு அந்தப் போராட்டத்தின் தியாகிகளே காரணர். மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய ரோகண விஜயவீரவும் ஒரு காலத்தில் அவருடைய கட்சியில் இருந்து பின் வெளியேற்றப்பட்டவரே. 1971 ஏப்பிரலில் அம்முன்னணி நடத்திய கிளர்ச்சியின்போது, அதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத சண்முகதாசனையும் ஐக்கிய முன்னணி அரசு சிறையிலிட்டது. அச்சிறையிலிருந்தே இலங்கைச் சரித்திரத்தை மார்க்சிய நோக்கில் ஆராயும் நூலொன்றை அவர் எழுதினார். பாராளுமன்றப் பாதையாற் சோசலிசம் வராது, ஆட்சியிற் பங்குகொண்ட இடதுசாரிகள் முதலாளித்துவ அரசையே பலப்படுத்துகின்றனர் என்பது அவருடைய ஓயாத வாதம். அவருடைய தீர்வு எனக்கு உடன்பாடன்று. ஆனால் அந்த வாதத்தின் பாதியை அடுத்த ஏழாண்டுகள் மெய்ப்பித்துவிட்டன.

எவ்வாறெனில், ஐக்கிய முன்னணி அரசு சோசலிசத்தை நாட்டுவதற்கென்று அமைத்த கருவிகளை எண்ணிப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சட்டங்களை நீதிமன்றம் பின்னர் பரிசோதிக்கும் உரிமையை நீக்கிற்று. அரச ஊழியரின் நியமனத்தை மந்திரிசபையின் கையிற் கொடுத்தது. 1975இல் முடியவேண்டிய பாராளுமன்றத்தின் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அவசரகாலச் சட்டம் வருஷக் கணக்காக நீடித்தது. முன்னமே அரசிடமிருந்த வங்கிகளோடும் போக்குவரத்தோடும், தேயிலைத் தோட்டங்களும் இறக்குமதி அநுமதியும் அரசின் கையில் வந்து சேர்ந்தன. ஆட்சியின் ஆயுள் நீட்டப்பட்டதைக் கண்டித்து 1975இல் தம் ஆசனத்தையே துறந்து மறுபடி போட்டியிட்டு வென்றவர் ஜயவர்த்தனா. 1977 யூலை 21ஆம் திகதித் தேர்தலில் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றபோது, இந்தக் கருவிகள் அனைத்தும் கூர்மை குன்றாமல் அவர் கையில் வந்து விழுந்தன. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. தாளிட்ட வீட்டின் திறவுகோல் கட்டியவனிடமிருந்து வாங்கியவனுக்குப் போவதுபோல, சோசலிசர் சேர்த்த அதிகாரம் சந்தைக்காரரின் உடைமையாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நிதி மந்திரி றொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் பெரும்பகுதியை அகற்றிற்று. ரூபாயின் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகி, டொலருக்கு 16 ரூபா என்ற நிலைக்கு வந்தது. 1978 பெப்ரவரியில் மாதம் 300 ரூபாவுக்குமேல் வருமானமுள்ள குடும்பங்களுக்கு அரிசிப் பங்கீடு நிறுத்தப்பட்டது. 1979 செப்டம்பரில் எஞ்சியோருக்கும் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரைகள் கொடுக்கப்பட்டன. முத்திரையின் பெறுமதி நின்ற இடத்திலேயே நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 1953இல் ஒரே நாளில் விலையை உயர்த்தித் தோற்றவர், இப்போது ஒருவரையும் ஒரே நேரத்தில் பட்டினி போடாமல், பாதிப் பேரை முதலில் விலக்கி, மீதிப் பேரின் பங்கைப் பணவீக்கம் கரைக்கும்படி விட்டார். மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்துக்கென வந்த வெளிநாட்டு உதவி, வேலையும் நிலமும் ஒப்பந்தமும் பகிர்ந்தளிக்க அவருக்கு வகை செய்தது. 1978 செப்டம்பர் 7ஆம் திகதி புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, நிறைவேற்றதிகாரம் முழுவதும் ஒரு சனாதிபதியிடம் குவிந்தது; கட்டுநாயக்கவில் வெளிநாட்டு முதலாளிகளுக்குச் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த அதே ஆண்டில், அதே அரசியலமைப்பு தேசத்துக்கு இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு என்று நாமகரணம் செய்தது. 1980 யூலையில் விலைவாசிக்கெதிராக வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் அதே ஆண்டு பறிக்கப்பட்டன. 1975இல் பாராளுமன்ற ஆயுள் நீட்டப்பட்டதற்காகப் பதவி துறந்தவர், 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பினால் தம் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தின் சந்தைகளுக்கு இச்செய்தி விலைப்பட்டியலாக வந்து சேர்ந்தது. இறக்குமதியான செத்தல் மிளகாயும் வெங்காயமும் கொழும்பில் மூட்டை மூட்டையாக இறங்க, வடக்கிலிருந்து சென்ற லொறிகளுக்குக் கிடைத்த விலை இறைப்புச் செலவுக்கும் பசளைச் செலவுக்கும் போதாததாயிற்று. கடன்பட்டு உழவு இயந்திரம் வாங்கியவர்கள் அதனை விற்றார்கள். வன்னியிற் காடு வெட்டியவர்களிற் பலர் திரும்பினார்கள். மலிந்த பொருளால் வாங்குவோர் நன்மையடைந்தனர் என்பது உண்மை. பாணுக்கு வரிசையில் நிற்கும் அவலமும் ஒழிந்தது. ஆனால் விளைவிப்போருக்கு இடையிலே தரித்து நிற்க ஒரு அவகாசமும் கொடுக்கப்படவில்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தனர்: 1960 முதல் உடுவில் தொகுதியையும், 1977இல் புதிதாக அமைந்த மானிப்பாய்த் தொகுதியையும் பிரதிநிதித்துவம் செய்த வீ. தர்மலிங்கமும் அவருடைய தமிழர் விடுதலைக் கூட்டணியினரும் தமிழரின் அரசியலுரிமையைப் பற்றிய பெரும் போரிலே ஆழ்ந்திருந்தார்கள். 1977 ஆகஸ்டில் தமிழருக்கெதிராக நிகழ்ந்த வன்செயல்களின் பின்னர் மிளகாய் விலை யாருக்கும் முதற்கவலையாக இருந்திருக்க முடியாது.

ஆயினும் கமக்காரன் மறக்கவில்லை. 1982 அக்டோபரில் முதலாவது சனாதிபதித் தேர்தல் நடந்தபோது, தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தாத யாழ்ப்பாண மாவட்டத்தில், தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் சுமார் 40 வீத வாக்குகளைப் பெற்று முதலிடம் வகித்தார்; இரண்டாமிடம் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு, சுமார் 35 வீதத்தோடு; ஜயவர்த்தனாவுக்குக் கிடைத்தது 20 வீதத்தளவு. கொப்பேகடுவ யார்? கதவடைத்த அரசின் விவசாய மந்திரி. தரப்படுத்தலைக் கொண்டுவந்த அரசின், 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை இயற்றிய அரசின் மந்திரி. இருந்தும் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஒரு சிங்களக் கட்சியின் வேட்பாளருக்கு வாக்களித்தது, அந்நாளில் எல்லாருக்கும் தெரிந்தவாறு, வெங்காயத்தினதும் மிளகாயினதும் நன்றிக்கடனே. கொள்கைகளைப் பற்றி ஒரு நூலகம் நிறைய எழுதலாம். அந்த 77,000 வாக்குகளைப்போல் தெளிவாக எழுத முடியாது. இரண்டு மாதம் கழித்து நடந்த சர்வசன வாக்கெடுப்பிலோ யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோரிற் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றனர். தீவின் மொத்தத் தீர்ப்பு வேறாயிருந்தது.

இதே ஆண்டுகளிலே சீன தேசமும் அதே வழியில் திரும்பிற்று என்பதும், இலங்கை அதற்கு ஓராண்டு முந்திவிட்டது என்பதும் பலர் கவனியாத விஷயம். மாவோ 1976 செப்டம்பரில் மறைந்தார். 1978 டிசம்பரில் தெங் சியாவோபிங்கின் தலைமையில் கட்சியின் மத்திய குழு புதிய பாதையை வகுத்தது. கட்டுநாயக்கவுக்கு இரண்டாண்டு பின்னரே ஷென்சென் வலயம் பிறந்தது. இரண்டு தேசத்திலும் விலை விடுவிக்கப்பட்டது, அதிகாரம் விடுவிக்கப்படவில்லை. ஆனால் ஒரு முக்கிய பேதம் உண்டு. சீனம் தன் சீர்திருத்தத்தைக் கமக்காரனிடமிருந்து தொடங்கிற்று: 1979இல் தானியக் கொள்முதல் விலையை 20 வீதம் உயர்த்திற்று, நிலத்தைக் குடும்பங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தது, மீந்த விளைவைச் சந்தையில் விற்கவிட்டது. கிராமத்தின் அடுப்பிற் புகை எழுந்தபின்னரே நகரத்தின் ஆலைகளிற் கைவைத்தது. 1986 டிசம்பரில் வியட்நாம் தொடங்கிய புதுப்பித்தலும் விவசாயத்தையே அடித்தளமாகக் கொண்டது. அக்கட்சிகளின் ஆட்சி சோவியத் அரசைப்போல 1991இல் வீழாமல் நின்றமைக்கு இது ஒரு பெருங்காரணம் என்று கருதுகிறேன். கொழும்பு அரசுக்கோ வலிகாமத்துக் கமக்காரனுடைய நன்மதிப்பு அதிகாரத்துக்கு வேண்டிய ஒன்றாகத் தோன்றவில்லை; அவன் வாக்கு இல்லாமலே ஆறிலைந்து பங்கு ஆசனங்கள் அதனிடம் இருந்தன. சமூகவியல் அறிஞர் நியூட்டன் குணசிங்க திறந்த பொருளாதாரத்துக்கும் இனப்பகைமைக்கும் இடையிலுள்ள தொடர்பை 1984இலேயே ஆராய்ந்து எழுதினார். தென்னிலங்கைச் சிறு வியாபாரிகளைப் பற்றி அவர் கூறியவற்றோடு, வடக்கின் தோட்டங்களில் வேலையற்று நின்ற வாலிபரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சண்முகதாசன் சீனத்தின் திருப்பத்தை ஏற்கவில்லை. மாவோவின் பின்வந்தோர் புரட்சியைக் காட்டிக்கொடுத்தனர் என்று கண்டித்து, பீக்கிங்கின் ஆதரவையும் இழந்து, உலகெங்கும் சிதறிய மாவோவாதிகளோடு 1984இற் சர்வதேச இயக்கமொன்றை அமைப்பதிற் சேர்ந்தார். தம் கொள்கையை மாற்றாத கம்யூனிஸ்டு என்றே தம்மைச் சொல்லிக்கொண்டு 1989இல் அரசியல் நினைவுகளை வெளியிட்டார். 1992 அக்டோபரில் சீனக் கட்சி சோசலிசச் சந்தைப் பொருளாதாரத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. 1993இல் அவர் இங்கிலாந்திலே பர்மிங்ஹாமிற் காலமானார். அவர் ஊர் அப்போது, உள்நாட்டு யுத்தத்தினிடையே, ஏறக்குறைய மூன்றாண்டாகப் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பசளையும் தடுக்கப்பட்டிருந்த குடாநாட்டில், திறந்த சந்தை என்றும் மூடிய சந்தை என்றும் பேசுவதற்கே பொருளில்லாதிருந்தது. தர்மலிங்கம் 1985 செப்டம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார். அந்த யுத்தத்தின் கதை வேறொரு கட்டுரைக்குரியது.

யுத்தத்துக்குப் பின் வடக்கின் வெங்காயம் மறுபடி தெற்கே போகிறது. கட்டுப்பாட்டின் உருவம் மாறியிருக்கிறது. அநுமதிப் பத்திரத்தின் இடத்தில் இப்போது 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த விசேட வர்த்தகப் பண்ட வரி நிற்கிறது. இறக்குமதியாகும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கிலோவுக்கு இவ்வளவென்று மந்திரியொருவரின் வர்த்தமானி அறிவித்தலால் ஒரே இரவில் ஏற்றவும் இறக்கவும் கூடியது அது. முன்பு கதவைச் சாத்தவும் திறக்கவும் அரசியற் புயல் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கையெழுத்துப் போதும். 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரே அறிவித்தலாற் தடைசெய்து நாட்டின் விளைவை முறித்ததும் அதே விதமான கையெழுத்துத்தான். இடையே மிளகாய்க் காலத்தில் மிகுதியாக இட்டுப் பழகிய பசளையின் நைத்திரேற்று வலிகாமத்தின் கிணற்று நீரில் ஊறிக் கிடக்கிறது. விலைக்கொள்கைகள் மாறிமாறி வந்தபோதும் நிலத்தடி நீரை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

1971இலும் 1980களின் இறுதியிலும் ஆயுதமேந்திய மக்கள் விடுதலை முன்னணி, இன்று தேசிய மக்கள் சக்தியாக, தேர்தலால் ஆட்சியில் இருக்கிறது. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரிற் சனாதிபதியானார். நவம்பரில் அவருடைய கட்சி 159 ஆசனங்களை வென்றபோது, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அதற்குக் கிடைத்தன. 1982இல் கொப்பேகடுவவுக்குக் கிடைத்த வாக்குகளின் பின்னர், தெற்கின் கட்சியொன்றுக்கு வடக்கு இவ்வாறு மனந்திறந்த சந்தர்ப்பங்கள் அரியவை. மார்க்சியத்திற் பிறந்த அக்கட்சி, முன்னைய அரசு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட ஏறக்குறைய 300 கோடி டொலர் உடன்படிக்கையைத் தொடர்ந்து நிறைவேற்றி வருகிறது. நிறைவேற்றதிகாரச் சனாதிபதி பதவியும் பயங்கரவாதத் தடைச் சட்டமும், அவற்றை நீக்குவதாகச் சொல்லியே அது வாக்குக் கேட்டதாயினும், அதன் பதவியேற்பின்போது 1978, 1979ஆம் ஆண்டுகளிற் பிறந்தவை ஒழிக்கப்படாமலே அதன் கைக்கு வந்தன. வலிகாமத்தில் அறுவடை வரும் பருவத்தில், இறக்குமதி வெங்காயத்தின்மேல் வரியை உயர்த்தித் தருமாறு கமக்காரர் கேட்பது வழக்கம். 1953இல் அரிசி உண்போரின் குரலைக் கேட்டு ஒரு பிரதமர் பதவி விலகியதுண்டு. விளைவிப்போரின் குரலைக் கேட்டு ஒரு வரியாவது உரிய காலத்தில், அறுவடை முடிந்து விலை விழுந்தபின்னரன்றி அதற்கு முன்னரே, உயர்த்தப்பட வேண்டும் என்பதுதான் அவர்கள் இப்போது கேட்பது.